பில்லில் டைட்டானியம், காலில் ஸ்டீல்

எலும்புக்கு பிளேட் வைத்துக்கொள்ளப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

கைக்கடிகாரத்தின் பின்மூடி பட்டாலே எனக்குத் தோல் தடித்துவிடும். நிக்கல் ஒவ்வாமை. கணுக்கால் முறிந்து படுத்திருந்தபோது, கையெழுத்து வாங்க வந்தவரிடம் இதைச் சொன்னேன். “கவலையே வேண்டாம், டைட்டானியம்தான்” என்றார். படிவத்தில் ஒவ்வாமை என்ற இடத்தில் “இல்லை” என்று அவரே எழுதியிருந்தார். வலியில் துடிக்கும்போது யார் படிக்கிறார்கள்?

நான்காம் மாதம் தழும்பைச் சுற்றி அரிப்பு, பிறகு சிவந்த தடிப்பு. வேறொரு மருத்துவர் கிருமித்தொற்று இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, “உள்ளே இருப்பது என்ன உலோகம்?” என்று கேட்டார். டிஸ்சார்ஜ் சம்மரியில் “பிளேட், ஸ்க்ரூ” என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. மூன்று முறை அலைந்தபின் உள்ளே பொருத்திய பாகங்களின் ஸ்டிக்கர் ஒட்டிய தாளின் நகல் கிடைத்தது. பிளேட் 316எல் என்ற வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஆறு ஸ்க்ரூவில் நான்கு ஸ்டீல், இரண்டு டைட்டானியம்!

316எல் மட்டமான சரக்கு இல்லை. விலை குறைவு, உறுதியானது, பிறகு கழற்றுவதும் எளிது. டைட்டானியத்தில் லாக்கிங் ஸ்க்ரூ (பிளேட்டின் துளையில் உள்ள மரையிலேயே பூட்டிக்கொள்ளும் வகை) சிலசமயம் பிளேட்டோடு இறுகிக்கொண்டு கழல மறுக்கும். ஆனால் 316எல்லில் பத்து சதவீதத்துக்கு மேல் நிக்கல். தோல் ஒவ்வாமை உள்ள எல்லோருக்கும் உள்ளே வைத்த உலோகம் தொல்லை தருவதில்லை. அதை எடைபோட்டு முடிவெடுத்திருந்தால் நான் வாய் திறந்திருக்கமாட்டேன். கேட்கவே இல்லையே! போதாததற்கு, ஸ்டீலையும் டைட்டானியத்தையும் ஒன்றாகப் பூட்டினால் உடல் திரவத்தில் ஸ்டீல் அரிபட வாய்ப்பு அதிகம். அரிபட்டால் நிக்கல் கசியும். அரிப்பு என்ற சொல் இங்கே இரண்டு பொருளிலும் பொருந்துகிறது.

ஒவ்வாமையைப் படிவத்தில் உங்கள் கையாலேயே எழுதுங்கள். பிளேட்டும் ஸ்க்ரூவும் ஒரே உலோகமா என்று அறுவைக்கு முன்பே கேளுங்கள். வீடு திரும்பும்போது மருந்துச்சீட்டு மறந்தாலும் பரவாயில்லை, லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) உள்ள ஸ்டிக்கர் தாளின் நகல் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

எலும்பு கூடியபின் எல்லாவற்றையும் கழற்றியாயிற்று. சில வாரங்களில் தடிப்பு அடங்கியது. பில்லில் மட்டும் “டைட்டானியம் பிளேட்” என்றே இருக்கிறது. கேட்டதற்குத் தட்டச்சுப் பிழை என்றார்கள். வாங்கிய தொகையும் தட்டச்சுப் பிழையா என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.