நெட் விட்டு விட்டு வருகிறதா? பல வருடம் ஓடிய வீட்டு இணைப்பு கற்றுத்தரும் சில விஷயங்கள்

நெட் போனதும் ரவுட்டரை அணைத்துப் போடத்தான் கை போகும். பல நேரம் அதிலேயே சரியாகியும் விடும். ஆனால் கோளாறு எங்கே இருந்தது என்ற தடயமும் அதோடு போய்விடும். அடுத்த வாரம் அதே தொல்லை திரும்ப வரும். ஸ்விட்சில் கை வைக்கும் முன் ஒரு நிமிடம் பிங் (ஒரு முகவரிக்குச் சின்னத் தகவல் அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) அடித்துப் பார்த்துவிடுவது நல்லது.

விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் ஐபிகான்ஃபிக் (ipconfig) கொடுங்கள். கம்ப்யூட்டரின் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து முகவரியே வந்து சேரவில்லை. வெளி லைனைக் குறை சொல்ல வேண்டாம், கோளாறு வீட்டுக்குள்தான். முகவரி ஒழுங்காக இருந்தால் இரண்டு விண்டோ திறந்து, ஒன்றில் டீஃபால்ட் கேட்வே எண்ணுக்கும் (அதாவது ரவுட்டரின் முகவரி, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) இன்னொன்றில் வெளியே இருக்கும் கூகுள் சர்வரின் 8.8.8.8-க்கும் நிற்காமல் பிங் ஓட விடுங்கள். விட்டு விட்டு வரும் கோளாறுக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. நெட் அறுபடும்போது இரண்டுமே நின்றால் வைஃபை, கேபிள் அல்லது ரவுட்டர். கேட்வே பதில் சொல்லிக்கொண்டே இருந்து 8.8.8.8 மட்டும் நின்றால் பெரும்பாலும் இணைப்பு தரும் நிறுவனத்தின் லைன். இரண்டும் ஓடியும் தளம் திறக்கவில்லையா? டிஎன்எஸ்ஸை (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) மாற்றிப் பாருங்கள். (டிஎன்எஸ் மாற்றினால் டவுன்லோடு வேகம் பறக்கும் என்பதை நம்ப வேண்டாம்.)

பலரும் சந்தேகப்படாத ஆசாமி, கம்ப்யூட்டரையும் ரவுட்டரையும் இணைக்கும் லேன் கேபிள். அதற்குள் 8 கம்பிகள், 4 ஜோடிகள். 1000 எம்பிபிஎஸ் (Mbps) வேகம் ஓட 8 கம்பியும் வேண்டும். 100-க்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கே போதும். மற்ற நான்கில் ஒன்று விட்டுப்போனாலும் பெரும்பாலும் இணைப்பு அறுபடாது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். பெரிய பிளான் போட்டும் வேகம் 95-ஐத் தாண்டவே மாட்டேன் என்றால் அடாப்டர் ஸ்டேட்டஸில் லிங்க் ஸ்பீடு பாருங்கள். கம்ப்யூட்டரும் ரவுட்டரும் கிகாபிட் (1000) வகையாக இருந்தும் 100 என்று காட்டினால் முதலில் வேறு கேபிள் போட்டுப் பார்க்க வேண்டும். பிளக்கின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு ஒடிந்த கேபிளையும் தூக்கிப் போடுங்கள்; மேசையை இழுத்தாலே அது ஆட்டம் காணும்.

வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை தூரம் போகும், ஆனால் நெரிசல். அதில் சேனல் 1, 6, 11 மூன்றும்தான் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை. ஆட்டோவில் விட்டுத் தொல்லை தந்தால் இவற்றில் ஒன்றை நிலையாக வைக்கலாம். ரவுட்டர் இருக்கும் அறையிலேயே கம்ப்யூட்டர் என்றால் யோசிக்காமல் 5 கிகாஹெர்ட்ஸ். யூஎஸ்பி வைஃபை டாங்கிள் வைத்திருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: பக்கத்துப் போர்ட்டில் யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் ஓடினால் அதன் இரைச்சல் 2.4 சிக்னலைக் கெடுக்கும். டாங்கிளை ஒரு எக்ஸ்டென்ஷன் வயரில் தள்ளி வைத்தால் தீர்ந்தது.

ஸ்லீப்பிலிருந்து எழுந்ததும் நெட் இல்லையென்றால் டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பக்கம் போய், மின்சாரம் மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள்.

ரவுட்டர் தானாக அணைந்து அணைந்து எழுந்தால் பழைய பவர் அடாப்டரைச் சந்தேகிக்கலாம். மாற்றும்போது வோல்ட்டும் பின் முனையின் பிளஸ் மைனஸும் அப்படியே இருக்க வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, குறையக் கூடாது.

ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் (LOS) விளக்கு சிவப்பாக எரிந்தால் கம்ப்யூட்டர் பக்கம் எதையும் நோண்ட வேண்டாம். ஒளி வந்து சேரவில்லை. வயர் எங்காவது மடங்கி, கதவிடுக்கில் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் புகார் கொடுப்பதுதான் வழி. கழற்றிய ஃபைபர் முனையைக் கண்ணருகே கொண்டுபோய் எட்டிப் பார்க்காதீர்கள், அந்த லேசர் கண்ணுக்குத் தெரியாது.

விண்டோஸ் செட்டிங்ஸில் இருக்கும் நெட்வொர்க் ரீசெட் கடைசி ஆயுதம். வைஃபை பாஸ்வேர்டு, கையால் போட்ட ஐபி, விபிஎன் எல்லாவற்றையும் துடைத்துவிடும். குறித்து வைத்துக்கொண்டு அழுத்துங்கள்.