டெலவேர் பள்ளத்தாக்கு, பிளாட்புரூக்வில் டோபோ ஷீட்: வாங்கலாமா, இறக்கிக்கொள்ளலாமா?

டெலவேர் ஆறு வால்பேக்கில் வளைந்து திரும்பும் இடத்தில், 1950களில் எங்கெங்கே வீடு இருந்தது, எந்த வண்டித்தடம் எந்தப் பண்ணைக்குப் போனது என்று தேடுகிறவர்களுக்கு யூஎஸ்ஜிஎஸ் (அமெரிக்கப் புவியியல் அளவாய்வுத் துறை) வெளியிட்ட இந்த 1:24,000 டோபோ ஷீட், அதாவது நிலத்தின் ஏற்ற இறக்கத்தையும் காட்டும் வரைபடத் தாள், பொக்கிஷம். நியூஜெர்சி–பென்சில்வேனியா எல்லையிலுள்ள இந்தப் பள்ளத்தாக்கில் டாக்ஸ் ஐலண்ட் அணைக்கு 1962இல் அனுமதி கொடுத்தார்கள். அணை வரவே இல்லை. அதற்காக எடுத்த நிலத்தில் இருந்த வீடுகளில் பெரும்பாலானவை போய்விட்டன. தாளில் அவை இன்னும் கறுப்புச் சதுரங்களாக இருக்கின்றன. நிரப்பிய சதுரம் குடியிருப்பு. உள்ளே கோடு போட்டதோ வெறுமையானதோ களஞ்சியம், கொட்டகை. கொடி இருந்தால் பள்ளிக்கூடம்.

யூஎஸ்ஜிஎஸ்ஸின் பழைய வரைபடத் தளமான டோபோவியூவில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரே பெயரில் பல பதிப்புகள் வரும். ஊதா நிறம் இல்லாததை எடுங்கள். ஊதா என்பது பிற்பாடு விமானப் படத்தைப் பார்த்துச் சேர்த்தது, களத்தில் போய்ச் சரிபார்த்ததல்ல. ஜேபெக் வேண்டாம், இடக்குறிப்பும் சேர்ந்தே வரும் ஜியோடிஃப் படக்கோப்புதான் சரி.

குறை, ஆற்றங்கரைச் சமவெளியில். சம உயரக் கோடுகளுக்கு (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) இடையே உயர வித்தியாசம் 20 அடி. கிட்டாட்டினி மலைச்சரிவில் இது தாராளம், கோடுகள் நெருங்கி அப்பிக்கிடக்கும். கீழே 15 அடி உயரக் கரைத்திட்டு ஒன்று எந்தக் கோட்டிலும் படாமல் மறைந்துபோகும். அன்றைய துல்லிய விதியே சோதித்த புள்ளிகளில் 90 சதவீதத்தில் உயரப் பிழை பாதி இடைவெளிக்குள், அதாவது 10 அடிக்குள், இருந்தால் போதும் என்பதுதான். 1955 ஆகஸ்ட் வெள்ளம் எந்த வீட்டு வாசல் வரை வந்திருக்கும் என்று இதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அதற்கு லைடார் (லேசரால் நில உயரத்தை அளப்பது) தரவுதான்.

ஜிபிஎஸ்ஸோடு சேர்க்கும்போது பலர் சறுக்குவது டேட்டத்தில், அதாவது ஆயங்களை அளக்க அடிப்படையாக வைக்கும் சட்டகத்தில். தாள் நாட்27 என்ற பழைய வட அமெரிக்க டேட்டத்தில் இருக்கிறது. அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ்84 என்று போட்டால் முப்பது, நாற்பது மீட்டர் தள்ளும். யூடிஎம் (மீட்டரில் இடத்தைச் சொல்லும் கட்டமுறை) எண்களைப் போட்டால் 200 மீட்டருக்கு மேல். பிறகு இடிந்த அஸ்திவாரத்தைப் பக்கத்துப் புதரில் தேட வேண்டியதுதான். ஓரத்தில் அச்சிட்ட காந்த விலக்கமும் (திசைகாட்டியின் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள கோணம்) பழையது, இன்றைய மதிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அச்சிடுவதானால் படப்பரப்பு மட்டுமே ஏறத்தாழ 44 × 58 செ.மீ. ஏ2வில் அகலம் இடிக்கும், ஏ1 வேண்டும். 'பக்கத்துக்குப் பொருத்து' என்பதை அணைத்து 100 சதவீதத்தில் எடுத்து, அளவுகோலில் 1,000 மீட்டர் 4.17 செ.மீ. வருகிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.