எச்சரிக்கை: பற்றுச்சீட்டில் தேங்காய் எண்ணெய், போத்தலில் வேறு எண்ணெய்

வட்ஸ்அப்பில் சாமான் பட்டியல் அனுப்பி வீட்டு வாசலில் பொருளை வாங்கிக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள், வந்திறங்கும் ஒவ்வொரு போத்தலின் பின்பக்கத்தையும் கொண்டுவந்த பையன் திரும்பிப் போவதற்கு முன்னரே வாசித்துவிடுங்கள். நான் ஐந்து மாதங்களாக வாசிக்கவில்லை.

அம்மாவும் நானும் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் குடியிருக்கிறோம். முன்பெல்லாம் அம்மா போத்தலைக் கையில் கொடுத்தனுப்பிச் சில்லறையாக அளந்துதான் தேங்காய் எண்ணெய் எடுப்பிப்பார். 2021 ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டுக்குச் சற்று முன்னர், இறக்குமதியான தேங்காய் எண்ணெயில் அஃப்லாடொக்சின் என்னும் பூஞ்சண நஞ்சு இருப்பதாகப் பெரும் பரபரப்பு எழுந்தது பலருக்கு நினைவிருக்கும். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அளந்து விற்கும் எண்ணெய்க்கு இடமில்லை. மூடி உடையாத, பெயர் அச்சிட்ட போத்தல் மட்டுமே வரும். பெயர் அச்சிட்டிருந்தால் போதும் என்று நினைத்தேனே தவிர, என்ன பெயர் அச்சிட்டிருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

கடை எங்கள் ஒழுங்கைக்கு அருகில்தான் இருக்கிறது. கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. முறைப்பாடு எழுத்தில் கொடுக்கப்பட்டிருப்பதால் அது தன் வழியில் நடக்கட்டும். மாதம் இரண்டு முறை பட்டியல் அனுப்புவேன். அதில் "தேங்காய் எண்ணெய் 1 போத்தல்" என்று எழுதுவேன். கையால் எழுதிய பற்றுச்சீட்டில் "தே. எண்ணெய் 750 மி.லீ. – 930" என்று இருக்கும். பக்கத்துக் கடையில் அதே அளவு 960 ரூபாய்க்குப் போனதால், முப்பது ரூபாய் மிச்சம் என்று மனதுக்குள் மகிழ்ந்தும் இருக்கிறேன். போத்தலின் முன்பக்கம் பச்சையும் வெள்ளையும் கலந்த தாளில் ஓர் ஓலை விரிந்திருந்தது. ஓலையைக் கண்டால் தென்னோலை என்றுதானே நம் கண் எடுத்துக்கொள்ளும்? அது எண்ணெய்ப் பனையின் ஓலை என்பது பின்னர்தான் தெரிந்தது.

அம்மாவுக்கு ஆரம்பத்திலேயே சந்தேகம் இருந்தது. "தாளிக்கேக்க வாசமே வரேல்லைப் பிள்ளை, இது எண்ணெய்தானோ?" என்று ஆவணி மாதத்திலேயே கேட்டார். சுத்திகரித்த வெள்ளைத் தேங்காய் எண்ணெயில் கொப்பறா வாசம் இருக்காது என்று நான் பெரிய விளக்கம் கொடுத்தேன். நான் சொன்னது உண்மைதான் என்றாலும், அந்த உண்மையையே சாட்டாக வைத்து அம்மாவின் நாக்கைப் பொய்யாக்கிவிட்டேன் என்பதை நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மார்கழி விடுமுறைக்கு ஹட்டனில் உள்ள தங்கை வீட்டுக்குப் போனோம். அங்கு பலகாரம் சுடுவதற்கென்று அம்மா, மூடி திறக்காத இரண்டு போத்தல் எண்ணெயைப் பையில் சுற்றி எடுத்து வந்திருந்தார். இரண்டாம் நாள் காலை, பனி விலகாத நேரத்தில் குசினிக்குள் போன தங்கை என்னைக் கூப்பிட்டாள். அடுப்பு மேடையில் இரண்டு போத்தல்கள் அருகருகே நின்றன. அவள் வீட்டுப் போத்தலில் எண்ணெய் மெழுகுதிரியைப் போல வெள்ளையாக உறைந்து, கவிழ்த்துப் பிடித்தாலும் அசையாமல் இருந்தது. நாங்கள் கொண்டுவந்ததோ அடியில் மெல்லிய மங்கல் படிந்ததைத் தவிர, தண்ணீரைப் போல் ஆடிக்கொண்டிருந்தது. "அக்கா, உங்கட எண்ணெய்க்குக் குளிராதோ?" என்று தங்கை கேட்டாள். அத்தான் சிரித்தார்; அம்மா சிரிக்கவில்லை.

தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியஸ் அளவில் உறையத் தொடங்கும். கொழும்பில் எண்ணெய் முழுதாக உறையும் அளவுக்கு நீண்ட நேரம் குளிர்வது அரிது என்பதால் பெரும்பாலும் எல்லா எண்ணெயும் ஒன்றுபோலவே ஓடிக்கொண்டிருக்கும்; வித்தியாசத்தைக் காட்டிக்கொடுக்க மலைநாட்டுக் குளிர் வேண்டியிருந்தது. பாம் எண்ணெயிலிருந்து திரவப் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து விற்கப்படும் பாம் ஒலின், ஹட்டன் குளிரிலும் பெரும்பாலும் திரவமாகவே இருக்கும்.

அந்தக் குசினியிலேயே போத்தலைத் திருப்பி முதன்முறையாக வாசித்தேன். முன்பக்கத்தில் வணிகப் பெயரும் ஓலையும் மட்டுமே இருந்தன. பின்பக்கத்தில், அரிசிமணி அளவான எழுத்தில் "தாவர எண்ணெய்" என்றும், உள்ளடக்கம் என்ற இடத்தில் "பாம் ஒலின்" என்றும் இருந்தது. தயாரித்தவர் பொய் எழுதவில்லை. கண்ணுக்கு எட்டாத இடத்தில் உண்மையை வைத்திருந்தார், அவ்வளவே. பொய் எழுதியவர் கடைக்காரர். அதற்கான சான்று மூடிக்குக் கீழே இருந்தது: கடையின் சொந்த விலைத்தாள், 930 ரூபாய் என்று, சற்றுச் சரிவாக ஒட்டப்பட்டிருந்தது. வெந்நீரில் நனைத்த துணியைச் சிறிது நேரம் வைத்து, நகத்தால் மெதுவாக உரித்தபோது, அதன் கீழே தயாரிப்பாளர் அச்சிட்ட உச்ச சில்லறை விலை தெரிந்தது. 610 ரூபாய். ஒரு போத்தலுக்கு 320 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து, கேட்காத எண்ணெயை வாங்கியிருக்கிறோம். மாதம் இரண்டு என ஐந்து மாதங்களுக்குப் பத்துப் போத்தல்கள், 3,200 ரூபாய்.

பாம் எண்ணெய் நஞ்சு என்று நான் சொல்ல வரவில்லை. உலகில் மிக அதிகமாக உற்பத்தியாகும் சமையல் எண்ணெய்களில் அதுவும் ஒன்று. கடைகளில் வாங்கும் பொரித்த பண்டங்கள் பலவற்றில் அதைத்தான் சாப்பிடுகிறோம். 610 ரூபாய்க்குத் தெரிந்தே வாங்குகிறவரை யாரும் குறை சொல்ல முடியாது. ஒன்றைக் கேட்டவருக்கு இன்னொன்றைக் கொடுத்து, முதலாவதன் விலையை வாங்கியதுதான் என் வழக்கு.

இதை நண்பர்களிடம் சொன்னபோது, ஒருத்தி தன் வீட்டு எண்ணெயைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பார்த்து, அது வெளுத்து இறுகியதால் நல்ல எண்ணெய்தான் என்று நிம்மதியடைந்திருந்தாள். அந்தச் சோதனையை நம்ப வேண்டாம். பெட்டிக்குள் இருக்கும் நான்கைந்து பாகைக் குளிரில் பாம் ஒலினும் மங்கி இறுகத் தொடங்கும். அதைவிட, ஒரு பாத்திரத் தண்ணீரில் இரண்டு மூன்று பனிக்கட்டிகளைப் போட்டு, கை வைத்தால் குளிர்ந்த கிணற்றுத் தண்ணீர் போல் இருக்கும்போது, சிறு கண்ணாடிக் குவளையில் ஊற்றிய எண்ணெயை அதில் நிறுத்தி வைத்தால் வேறுபாடு நன்றாகத் தெரியும். அப்படியும் இரண்டையும் கலந்து விற்றால் வீட்டுச் சோதனை எதுவும் உறுதியான விடை தராது. அதற்கு ஆய்வுகூடம்தான் வேண்டும். தேங்காய் எண்ணெய்க்கான இலங்கைக் கட்டளை, அதாவது தர நியமம், எஸ்.எல்.எஸ். 32 ஆகும். எஸ்.எல்.எஸ். முத்திரை இருக்கிறதா என்பதோடு, அதனுடன் உள்ள இலக்கத்தையும் பாருங்கள்.

விலையை ஒப்பிடும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. சில எண்ணெய்களில் அளவு மில்லிலீற்றரில் இருக்கும், சிலவற்றில் கிராமில் இருக்கும். எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது. ஒரு லீற்றர் ஏறத்தாழ 910 முதல் 920 கிராம் வரைதான் நிறுக்கும். எனவே 750 கிராம் என்று எழுதிய போத்தலில் சுமார் 820 மில்லிலீற்றர் இருக்கும். இரண்டையும் ஒன்றென்று எண்ணி விலை பார்த்தால், மலிவானதை விலை கூடியது என்று தள்ளிவிட்டுப் போவோம்.

கொழும்புக்குத் திரும்பிய பிறகு அலுமாரியில் இருந்த எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்து, அம்மாவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். அங்கே காத்திருந்த பாடம் பால்மாப் பொதியில் இருந்தது. அம்மாவுக்கு நாளுக்கு மூன்று முறை பால் தேநீர் வேண்டும். பேரங்காடியில் வழமையான 400 கிராம் பொதிக்குப் பக்கத்தில் அதே நீல நிறத்தில், அதே புல்வெளியுடன், அதே பசுவுடன் மலிவாக ஒன்று இருந்ததால் நானே கை நீட்டி எடுத்திருந்தேன். பழைய பொதியில் "முழு ஆடைப் பால்மா" என்று இருந்தது. புதியதில் "பால்மா" என்ற சொல்லே தனியாக எங்கும் இல்லை. "பால் அடங்கிய தூள்" என்றிருந்தது. உள்ளடக்கத்தில் கொழுப்பு நீக்கிய பால்மா, அடுத்ததாகத் தாவரக் கொழுப்பு. உள்ளடக்கப் பட்டியல் எடை கூடியதிலிருந்து குறைந்ததற்கு இறங்கும் வரிசையில் எழுதப்படுவதால், இரண்டாம் இடத்தில் நிற்பது சிறு துளி அல்ல. சர்வதேச உணவு நியமமான கோடெக்ஸின்படி முழு ஆடைப் பால்மாவில் பாற்கொழுப்பு 26 வீதத்துக்குக் குறையாமலும் 42 வீதத்தை எட்டாமலும் இருக்க வேண்டும். தாவரக் கொழுப்புச் சேர்த்த மற்றைய வகையிலும் கொழுப்பு 26 வீதத்துக்குக் குறையக்கூடாது என்றே நியமம் சொல்கிறது. ஆனால் அந்தக் கொழுப்பு முழுவதும் பசுவிடமிருந்து வர வேண்டியதில்லை. ஆகவே "கொழுப்பு 26 வீதம்" என்ற இலக்கத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். "பாற்கொழுப்பு" என்று எழுதியிருக்கிறதா, வெறும் "கொழுப்பு" என்று எழுதியிருக்கிறதா என்பதைத் தேட வேண்டும். இதில் கடைக்காரர் மேல் குற்றமில்லை, கவனக்குறைவு என்னுடையது.

சவர்க்காரத்திலும் இதே கதைதான். வெள்ளவத்தையில் கிடைக்கும் இந்தியச் சவர்க்காரங்களின் உறையில் மொத்தக் கொழுப்புப் பொருளின் வீதம் அச்சிடப்பட்டிருக்கும். அந்நாட்டு நியமப்படி முதலாம் தரத்துக்கு 76 வீதம் வேண்டும், மூன்றாம் தரத்துக்கு 60 வீதம் போதும். ஒரே மணம், ஒரே நிறம் கொண்டவற்றில் சிலவற்றின் மேல் "பாதிங் பார்" என்று இருக்கும். அது வேறு நியமத்துக்கு உட்பட்டது, கொழுப்பும் குறைவு. தண்ணீர் தேங்கிய சவர்க்காரப் பெட்டியில் சீக்கிரம் கூழாவது எது என்று பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கித்துள் பாணி என்று நாம் எடுப்பதில் "கித்துள் சுவையுடைய" என்ற இரண்டு சொற்கள் ஒளிந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். பாத்திரம் கழுவும் திரவத்தில் எழுத்தும் உதவவில்லை; ஒரே 500 மில்லிலீற்றர், ஒன்று 19 நாள் வந்தது, அதைவிட நாற்பது ரூபாய் மலிவானது 11 நாளில் தீர்ந்தது.

எண்ணெய்க்குத் திரும்புகிறேன். உரித்த விலைத்தாளையும் போத்தலையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலாளி முகம் சுளிக்காமல், "அக்கா, பொடியன் மாறி வைச்சிட்டான் போல, இந்தப் போத்தலுக்குக் காசைத் தாறன்" என்றார். ஐந்து மாதமும் பொடியனே மாறி வைத்தானா, விலைத்தாளையும் பற்றுச்சீட்டையும் அவனா எழுதினான் என்று கேட்டேன். "ரெண்டும் சமைக்கிற எண்ணெய்தானே அக்கா, நிறைய ஆக்கள் இதைத்தான் எடுக்கினம்" என்று பதில் வந்தது. என்னை எழுத வைத்தது அந்தக் கடைசி வாக்கியம்தான். எத்தனை வீடுகளுக்கு இந்தப் போத்தல் "தே. எண்ணெய்" என்று போய்க்கொண்டிருக்கிறதோ!

அச்சிட்ட விலைக்கு மேல் விற்பதும், பொருளைப் பற்றிப் பொய்யான தகவல் தருவதும் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ் வருபவை. அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லலாம். பொருள் தொடர்பான நட்டத்துக்கு முறைப்பாடு செய்வதானால் அது எழுத்தில் இருக்க வேண்டும். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் கொடுக்கவும் வேண்டும். நான் தோற்றது இந்த இடத்தில்தான். பத்துப் போத்தல்களில் நான்கு அந்தக் காலத்தைத் தாண்டிவிட்டன. மீதி ஆறில் இரண்டுக்கு மட்டுமே பற்றுச்சீட்டு மிஞ்சியிருந்தது. மற்றவற்றின் பின்பக்கத்தில் அம்மா பால்காரக் கணக்கு எழுதிவிட்டு எறிந்திருந்தார். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது. கேட்டு வாங்குவதோடு, இலக்கமும் திகதியும் தெரியும்படி கைத்தொலைபேசியில் படம் எடுத்தும் வையுங்கள்.

கொழும்பு 2, வொக்ஸ்ஹோல் வீதியில் உள்ள அலுவலகத்தில் இரண்டு பற்றுச்சீட்டுகளின் பிரதிகளையும், விலைத்தாளை உரிப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் இணைத்துக் கடிதத்தைக் கொடுத்தேன். ஹட்டனுக்குக் கொண்டுபோனவற்றில் மற்றைய போத்தலை மூடி திறக்காமல், அதன் மேலிருக்கும் 930 ரூபாய் விலைத்தாளைத் தொடாமல் அப்படியே வைத்திருக்கிறேன். கேட்டால் காட்டுவதற்கு அது வேண்டும் என்று சொல்லியும், அதை எண்ணெய்த் தட்டில் வைக்க அம்மா சம்மதிக்கவில்லை. இப்போது அது குளியலறைச் சாமான்களோடு, பினைல் போத்தலுக்குப் பக்கத்தில் நிற்கிறது.