ஒற்றைப் பார்வையா, இரு பார்வையா? வயது இடைவெளிக் காதல் நாவல் எழுதுவோருக்கு

அவளுக்கு 27 வயது. அவனுக்கு 45, அவளுடைய நெருங்கிய தோழியின் அப்பா. சமகால ஆங்கிலக் காதல் நாவல்களில் அடிக்கடி வரும் விலக்கப்பட்ட உறவு இது. யார் கண் வழியே சொல்கிறோம் என்பதில்தான் இந்தக் கதை நிற்கும், அல்லது சரியும்.

ஒற்றைப் பார்வை, அதாவது முழுக் கதையும் ஒருவர் கண் வழியே வருவது, பழைய வழி. 1908இல் லண்டனில் தொடங்கிய மில்ஸ் அண்ட் பூன் பதிப்பகத்தின் காதல் நாவல்கள் நெடுங்காலம் பெரும்பாலும் நாயகியின் பார்வையிலேயே நகர்ந்தன. அவன் மனம் மூடியிருப்பதால் ஈர்ப்பு கூடும். ஆனால் வயதும் பணமும் அவன் பக்கம் இருக்கும்போது, அதே மௌனம் மிரட்டலாகவும் படும். அவன் விலகுவது தயக்கமா, விளையாட்டா? வாசகருக்குப் புரியாது. அதனால் அவன் அவளை மிரட்டவில்லை என்பதைச் செயலில் காட்டியாக வேண்டும்: அவள் சம்பளமோ குடியிருக்கும் வீடோ அவன் கையில் இருக்கக்கூடாது. அவள் 'வேண்டாம்' என்று சொல்லி, அவன் மறுபேச்சின்றி ஏற்கும் காட்சி ஒன்று முதல் கால்பங்குக்குள் வரட்டும்.

இரு பார்வையில் அத்தியாயத்துக்கு ஒருவர் பேசுவார். மகளை இழந்துவிடுவோமோ என்ற அவன் பயம் நேராகத் தெரியும். ஒரே காட்சியை இருவரும் திரும்பச் சொன்னால் வேகம் செத்துவிடும். அதைவிட மோசம், அவன் அத்தியாயம் முழுக்க அவள் இளமையை வர்ணிப்பது. அவள் வேலையும் பிடிவாதமும் அவனை இழுக்கட்டும்.

இந்தக் கதைக்கு இரு பார்வையே நல்லது. சரிபாதி வேண்டாம், மூன்றில் இரண்டு பங்கு அவளுக்கு. தோழிக்கு உண்மை தெரியவரும் காட்சியும் நாயகியின் பார்வையிலேயே இருக்கட்டும்.