1969 கமாரோவுக்கு எந்த கியர்பாக்ஸ்: மன்சியா, டி-5ஆ, டிகேஎக்ஸா, மேக்னமா?

1967 முதல் 1969 வரை வந்த முதல் தலைமுறை செவ்ரோலெட் கமாரோவை அமெரிக்க நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டினால் போதும், ஐந்தாவது கியருக்குக் கை ஏங்கும். அன்று அந்தக் காரில் வந்த மன்சி என்ற நான்கு கியர் பெட்டியில் டாப் கியர் ஒன்றுக்கு ஒன்று, அதாவது இன்ஜின் ஒரு சுற்று சுற்றினால் பின்னால் போகும் ஷாஃப்டும் ஒரு சுற்று. அதற்கு மேல் எதுவும் கிடையாது. பின் ஆக்சில் விகிதம் 3.73 (ஷாஃப்ட் 3.73 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை), டயர் உயரம் 26 அங்குலம் என்றால் மணிக்கு 70 மைலில் இன்ஜின் ஏறத்தாழ 3,370 ஆர்பிஎம்மில் கத்திக்கொண்டே போகும். இன்ஜினின் 0.68 சுற்றுக்கே ஷாஃப்டை ஒரு முழுச் சுற்று சுற்றவைக்கும் ஓவர்டிரைவ் கியர் இருந்தால் அதே வேகத்தில் 2,300தான். ஓட்டுபவரின் காதுக்கும் பெட்ரோல் செலவுக்கும் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

கியர்பாக்ஸ் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது டார்க் (இன்ஜினின் முறுக்கு விசை) தாங்கும் அளவை. அதற்கு முன்னால் ஒரு சின்னப் பெருக்கலைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பேன்: முதல் கியர் விகிதம் பெருக்கல் பின் ஆக்சில் விகிதம். விடை பத்துக்குப் பக்கத்தில் இருந்தால் தெருவில் ஓட்ட சுகம். மன்சியின் எம்21 வகையில் முதல் கியரான 2.20ஐ 3.73ஆல் பெருக்கினால் 8.2 வரும், சிக்னலில் கிளம்பும்போதெல்லாம் கிளட்சைத் தேய்க்க வேண்டியிருக்கும். 12ஐத் தாண்டினால் சாலையைக் கடப்பதற்குள் முதல் கியர் முடிந்துவிடும். இந்தக் கணக்கைப் போடாமல் விலை உயர்ந்த பெட்டியை இறக்கி, பிறகு ஆக்சிலையும் மாற்றுவது இரட்டைச் செலவு.

மலிவான வழி டி-5. 1985 முதல் 1993 வரையிலான 5.0 லிட்டர் ஃபோர்டு மஸ்டாங்கில் வந்த ஐந்து கியர் பெட்டி. எடை குறைவு, கியர் மாற்ற இதம், பழைய சந்தையில் கிடைக்கும். ஆனால் அந்த மஸ்டாங்குகளின் கடைசிக் கால டி-5க்கே 300 பவுண்டு-அடி வரைதான் மதிப்பீடு. 350 கன அங்குல இன்ஜின் கொண்ட கமாரோ எஸ்எஸ்ஸுக்கு அன்று கம்பெனி சொன்ன டார்க் 380. கொஞ்சம் வேகமாக ஓட்டுபவர் கையில் மூன்றாவது கியரின் பல் போய்விடும். இன்னொன்று, 80களின் கமாரோவிலிருந்து கழற்றிய டி-5 இந்தக் கமாரோவில் அப்படியே உட்காரும் என்று நம்பி வாங்காதீர்கள். அந்தக் காரில் அதை ஒரு பக்கம் சாய்த்துப் பொருத்தியிருந்தார்கள். சாதுவான 327 கன அங்குல இன்ஜின், நிதானமான கால் என்றால் டி-5 சரி. மற்றவர்களுக்கு வேண்டாம்.

உண்மையான போட்டி ட்ரெமெக் கம்பெனியின் இரண்டு பெட்டிகளுக்கு இடையில்தான். ஐந்து கியர் டிகேஎக்ஸ் 600 பவுண்டு-அடி தாங்கும். ஆறு கியர் டி-56 மேக்னம் 700. காகிதத்தில் மேக்னம்தான் பெரியது. அதன் ஒரு வகையில் முதல் கியர் 2.97, ஆறாவது 0.50. இந்த 0.50ஐப் பார்த்துத்தான் பலர் மயங்குகிறார்கள். 3.73 ஆக்சிலில் 70 மைலுக்கு அது தருவது 1,700 ஆர்பிஎம் கூட இல்லை. கார்புரேட்டரும் பெரிய கேம்ஷாஃப்டும் உள்ள பழைய இன்ஜின் அந்தச் சுற்றில் இழுக்காது, திணறும், குலுங்கும். கடைசியில் ஐந்தாவதிலேயே ஓட்டுவீர்கள். மேக்னம்தான் வேண்டும் என்றால் முதல் கியர் 2.66, ஆறாவது 0.63 உள்ள வகையை எடுங்கள்.

அப்புறம் தரை. மேக்னம் உருவத்தில் பெரிது. இந்தக் கமாரோவில் அதை ஏற்ற, நடுவில் மேடாக ஓடும் டனலை வெட்டி உயர்த்தி வெல்டிங் வைக்க வேண்டும். டிகேஎக்ஸைப் பழைய கார்களின் குறுகலான டனலை நினைத்தே வடிவமைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் வெட்டுவேலை இல்லை. கியர் ராடு பழைய துளைக்கு நேரே வரும்படி அதன் இடத்தை மாற்றிக்கொள்ளவும் வசதி உண்டு. 1969 காரின் அசல் மன்சிமேல் அந்தக் காரின் எண்ணே குத்தப்பட்டிருக்கும். பெட்டியைத் துடைத்துப் பத்திரப்படுத்தினால் என்றைக்கும் திரும்ப மாட்டலாம். வெட்டிய தரை அப்படித் திரும்பாது. அதனால் என் ஓட்டு டிகேஎக்ஸுக்கு: 3.73 ஆக்சிலுக்கு முதல் கியர் 2.87, ஐந்தாவது 0.68 உள்ள வகை, 3.08 ஆக்சில் என்றால் 3.27 முதல் கியர் உள்ள வகை. பழைய இன்ஜினுக்குப் பதில் புதிய காலத்து எல்எஸ் வி8 இன்ஜினை மாற்றி, ரேஸ் டிராக்குக்கும் போகிறவர், தரையை ஏற்கெனவே வெட்டியவர், இவர்களுக்கு மேக்னம்.

மன்சியைக் கழற்றவே மனமில்லை என்பவர்களுக்கு, அதன் பின்னால் சேர்க்கும் கியர் வெண்டர்ஸ் ஓவர்டிரைவ் இருக்கிறது. 0.78 விகிதம், 3,370 சுமார் 2,630 ஆகும்.

எந்தப் பெட்டியை எடுத்தாலும் ஒரு வேலையைத் தவிர்க்கவே கூடாது. ஃப்ளைவீலில் டயல் கேஜைப் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) பொருத்தி, முள் பெல் ஹவுசிங்கின் (இன்ஜினையும் கியர் பெட்டியையும் இணைக்கும் கூடு) நடுத் துளையின் விளிம்பைத் தொடும்படி வைத்து, கிராங்க் ஷாஃப்டை ஒரு முழுச் சுற்று கையால் சுற்றுங்கள். முள் காட்டும் மொத்த அசைவில் பாதிதான் மைய விலகல். அது 0.005 அங்குலத்தைத் தாண்டினால், பெல் ஹவுசிங்கை இன்ஜினில் நிலைநிறுத்தும் டவல் பின்களுக்குப் பதிலாக, மையம் தள்ளிய பின்களைப் போட்டுச் சரிசெய்ய வேண்டும். இதை விட்டுவிட்டால் புதுப் பெட்டியிலும் கியர் இறுகும், இன்புட் பேரிங் சீக்கிரம் தேயும். புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளத்தையும் யு.ஜே. கிராஸ் கோணங்களையும் பெட்டி ஏறிய பிறகே அளந்து வாங்குங்கள். முன்னும் பின்னும் கோணம் சமமாக, 1 முதல் 3 டிகிரிக்குள் இருக்கட்டும். இல்லையென்றால் வேகத்தில் அதிர்வு வரும்.

ஆயிலும் பெட்டிக்குப் பெட்டி வேறு. மன்சிக்கு ஜிஎல்-4 தர கியர் ஆயில். டிகேஎக்ஸ், மேக்னம் இரண்டுக்கும் டெக்ஸ்ரான் 3 வகை ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஊற்றும் மெல்லிய ஆயில். பழக்கத்தில் கெட்டியான 90 ஆயிலை இவற்றில் ஊற்றினால், குளிர்காலக் காலையில் இரண்டாவது கியர் விழவே மறுக்கும்.