தேக்கடியில் ஒரு முழு நாள்: பெரிய போட்டா, மூங்கில் படகா?

தேக்கடிக்கு ஒரே நாளில் வந்து திரும்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் திட்டம் போடுகிறார்கள். மதுரையில் விடியற்காலை வண்டி ஏறி, கிட்டத்தட்ட 140 கிலோமீட்டர் கடந்து, பத்து மணி வாக்கில் குமுளி. அங்கிருந்து படகுத்துறை. டிக்கெட் கிடைத்தால் பெரிய போட்டில் ஒன்றரை மணி நேரம் பெரியாறு ஏரி. பிறகு ஏலக்காய், மிளகு, நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக்கொண்டு மலை இறங்கிவிடுவார்கள். என் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அப்படித்தான் தேக்கடியைப் பார்த்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்த ஒரு நாளை அப்படியே கேரள வனத்துறையின் மூங்கில் படகுப் பயணத்துக்குக் கொடுத்துவிடுங்கள் என்பேன். பக்கத்தில் இருக்கிற அருவிகள் இன்னொரு நாளைக்கு இருக்கட்டும்.

நான் சுருளிப்பட்டிப் பக்கம் பன்னீர் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறேன். எங்களுக்குப் பெரியாறு ஏரி என்றால் முதலில் நினைவுக்கு வருவது சுற்றுலா இல்லை. இன்றைக்கு நீர்மட்டம் எத்தனை அடி என்று தினமும் பேப்பரில் தேடுவோம். ஜூன் பிறந்தால் மதகைத் திறப்பார்களா என்று பள்ளத்தாக்கே காத்திருக்கும். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயலுக்கு அதுதான் தண்ணீர். எங்கள் கிணறுகள் ஊறுவதும் அதனால்தான். அந்த ஏரியை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. கோயம்புத்தூரில் படிக்கிற அண்ணன் மகள்தான் போன மாசியில் இணையத்தில் பதிவு செய்துவிட்டு, "அத்தை, நீங்க வந்தே ஆகணும்" என்று கூட்டிக்கொண்டு போனாள்.

முழு நாள் பயணம் காலை எட்டு மணிக்குத் தொடங்கி மாலை ஐந்து மணி வரை. பாதி நாள் பயணமும் உண்டு. முடிந்தால் முழு நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குழுவில் பத்துப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. கூடவே வழிகாட்டிகளும், துப்பாக்கியோடு ஒரு வனக் காவலரும் வருவார்கள். கிளம்பும் முன் அட்டை ஏறாமலிருக்க முழங்கால் வரை இழுத்துக் கட்டுகிற துணிக் காலுறை கொடுத்தார்கள். மாசியில் அட்டை தொல்லை இல்லை. ஆடியில் போகிறவர்கள் அந்தக் காலுறையை நெகிழவே விடாதீர்கள்.

படகு என்றுதான் பெயர், ஆனால் நாளில் பாதி நடைதான். வெயில் உள்ளே வராத சோலை, திடீரென்று விரிகிற புல்மேடு, கால் அழுந்துகிற சதுப்பு என்று மாறி மாறி வரும். ஒற்றை வரிசையில்தான் நடக்க வேண்டும், பேசக் கூடாது. முதல் ஒரு மணி நேரம் எனக்கு அது சிரமமாக இருந்தது, ஏனென்றால் கேட்க அவ்வளவு இருந்தது. யாரும் நடாமல், யாரும் கவாத்து பண்ணாமல், மரத்தில் தானாக ஏறி நிற்கிற காட்டு மிளகுக் கொடியைப் பார்க்கும்போது தோட்டக்காரிக்கு வாய் சும்மா இருக்குமா? நல்லவேளை, இளைப்பாற உட்காரும்போது பேசலாம்.

எங்களோடு வந்த வழிகாட்டிகளில் ஒரு பெரியவர் அறுபது வயதை ஒட்டியவர். நல்ல தமிழ் பேசினார். ஒரு மரத்தின் அருகில் நின்று, இடுப்பு உயரத்தில் இருந்த பழைய வெட்டுத் தழும்பைத் தடவிக் காட்டினார். அது வயணா, கருவாப்பட்டை இனத்து மரம். அதன் பட்டைக்காகத்தான் ஒரு காலத்தில் ஆட்கள் திருட்டுத்தனமாகக் காட்டுக்குள் நுழைந்தார்கள். "சுத்தி உரிச்சா மரம் செத்துப்போகும் தாயி. ஒரு பக்கம் மட்டும் உரிச்சா பொழச்சுக்கும். இது பொழச்சது" என்றார். "உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணே?" என்று கேட்டேன். "நாங்கதானே உரிச்சோம்" என்றார்.

எனக்கு அந்த நாளிலேயே பெரிய விஷயம் அதுதான். பெரியாறு புலிகள் காப்பகத்தில் 1990-களின் பிற்பாதியில் உலக வங்கி உதவியோடு ஒரு சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தது. பட்டை உரித்தவர்கள், வேட்டைக்குப் போனவர்கள் சிலரை வனத்துறை கூப்பிட்டுப் பேசி, அவர்களைக் குழுவாகச் சேர்த்து, காட்டைக் காக்கிற வேலையையும் சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிப் போகிற வேலையையும் கொடுத்தது. எந்தத் தடம் எங்கே போகும், யானை எந்த நேரத்தில் எந்த ஓடைக்கு இறங்கும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? மன்னான், பளியர் பழங்குடியினரும் வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். 2002 முதல் 'வசந்த சேனை' என்ற பெயரில் குமுளிப் பக்கத்துப் பெண்கள் சம்பளம் வாங்காமல் முறை வைத்துக் காட்டுக்குள் ரோந்து போகிறார்கள். வீட்டு வேலையையும் முடித்துவிட்டுக் காட்டைப் பார்த்துக்கொள்ளவும் வருகிற அந்தப் பெண்களை நான் மனசாரக் கும்பிடுகிறேன். இந்தப் பயணத்துக்கு நாம் கட்டுகிற பணத்தில் ஒரு பங்கு இப்படிக் காட்டை நம்பி வாழ்கிற மக்களுக்கும் போகிறது. பெரிய போட்டைவிடப் பல மடங்கு கட்டணம் என்று யோசிக்கிறவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படகு என்பது மூங்கில்களை அடுக்கிக் கட்டி, மேலே உட்கார இருக்கை வைத்த தெப்பம். மிதவைச் சட்டை போட்ட பிறகுதான் ஏற்றுவார்கள். துடுப்புப் போட ஆசைப்பட்டால் நம் கையிலும் கொடுப்பார்கள். அண்ணன் மகள் விடவே இல்லை, தோள் வலிக்கிற வரைக்கும் போட்டாள். மோட்டார் சத்தம் கிடையாது. உட்கார்ந்திருக்கிற உயரமும் தண்ணீரை ஒட்டித்தான். அதனால் நீர்நாய்க் கூட்டம் ஒன்று எங்களைக் கண்டு ஓடவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மீன் பிடிக்கப் போய்விட்டது.

ஏரிக்குள் கறுத்துப்போன மரக்கட்டைகள் நீட்டிக்கொண்டு நிற்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். 1887-இல் ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் வேலையைத் தொடங்கி 1895-இல் முல்லைப் பெரியாறு அணையை முடித்தபோது மூழ்கிய காட்டின் மரங்கள் அவை. தேனி மாவட்டத்தில் பென்னிகுவிக் படம் மாட்டாத டீக்கடை குறைவு. தை மாதத்தில் அவருக்காகப் பொங்கல் வைக்கிறோம். லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் இருக்கிறது. அவரைப் பற்றிக் கேட்டு வளர்ந்த எனக்கு, அவர் கட்டிய அணையால் முங்கிப்போன மரத்தில் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைப்பதை ஒரு கை தூரத்தில் பார்த்தபோது தொண்டை அடைத்தது. எங்கள் வயலுக்காக ஒரு காடு தண்ணீருக்குள் போயிருக்கிறது. இதை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வந்து பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

விலங்குகள் விஷயம். புலியை எதிர்பார்த்து யாரும் போகாதீர்கள். நாங்கள் பார்த்தது: எதிர்க்கரையில் குட்டியோடு யானைகள், காட்டு மாட்டுக் கூட்டம், மிளா, கருமந்தி, மலை அணில். இருவாச்சியின் சிறகுச் சத்தம் கேட்டது, பறவை கண்ணில் படவில்லை. மாசி, பங்குனியில் நீர்மட்டம் இறங்கி, கரையில் புது புல் முளைத்திருக்கும். காட்டுக்குள் ஓடைகள் வற்றும். அப்போதுதான் விலங்குகள் கரைக்கு அதிகம் வரும். தண்ணீர் உச்ச அளவான 142 அடியை ஒட்டி நிற்கும் காலத்தில் ஏரி கண்கொள்ளாத அழகாக இருக்கும், ஆனால் விலங்குகளுக்குக் கரைக்கு வரவேண்டிய தேவை குறைவு. எது வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

பெரிய போட் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. முட்டி வலி உள்ள பெரியவர்கள், சின்னப் பிள்ளைகள் வந்தால் அதுதான் சரி. காலையில் கிளம்புகிற முதல் போட்டுக்கே போங்கள், அப்போதுதான் கரையில் நடமாட்டம் இருக்கும். சொந்த வண்டியைப் படகுத்துறை வரை கொண்டுபோக முடியாது. ஆனவச்சாலில் நிறுத்திவிட்டு வனத்துறை பஸ்ஸில்தான் உள்ளே போக வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம் முன்கூட்டியே வாருங்கள். மிதவைச் சட்டையை மூச்சு முட்டுகிறது என்று கழற்றாதீர்கள், யானை தெரிகிறது என்று எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து ஓடாதீர்கள். 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி இதே ஏரியில் 'ஜலகன்யகா' என்ற சுற்றுலாப் போட் கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். அந்த ராத்திரி எங்கள் பக்கத்து ஊர்களில் யாரும் தூங்கவில்லை.

குமுளியில் வந்து இறங்கியதும் "ஜீப் சஃபாரி, தேக்கடி காட்டுக்குள்ளேயே போகலாம்" என்று சுற்றி வளைப்பார்கள். என் நாத்தனார் குடும்பத்தை ஒரு தரகர் அப்படி ஏற்றிக்கொண்டுபோய், எஸ்டேட் ரோட்டில் சுற்றிக் காட்டித் திருப்பி விட்டுவிட்டார். மாமியாருக்கு முதுகு வலிதான் மிச்சம். வனத்துறையின் சொந்த இணையதளத்தில் பதிவு செய்யுங்கள், இல்லையென்றால் தேக்கடி ரோட்டில் உள்ள அவர்கள் அலுவலகத்துக்கே நேரில் போங்கள். இடையில் யாரும் வேண்டாம்.

அருவி பார்க்காமல் போக மனமில்லை என்றால் முந்தின நாளே வந்து கம்பத்தில் தங்கிவிடுங்கள். கம்பத்திலிருந்து பத்து கிலோமீட்டர் தூரத்தில் சுருளி தீர்த்தம், எங்கள் ஊர் வழியாகத்தான் போக வேண்டும். குளித்துவிட்டு முருகன் கோயில் குகைகளையும் பார்க்கலாம். யானை நடமாட்டமோ வெள்ளமோ இருந்தால் வனத்துறை குளிக்க விடாது, அதனால் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். தை, ஆடி அமாவாசைகளில் தர்ப்பணம் கொடுக்க வருகிற கூட்டத்தில் அருவியை அண்டவே முடியாது. குமுளிப் பக்கமே பார்க்க வேண்டும் என்றால் செல்லார்கோவில். மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் கேரளத்தில் ஓடித் தமிழ்நாட்டுப் பள்ளத்தாக்கில் விழும். மேலே நின்றால் எங்கள் தோட்டங்கள் பச்சைக் கட்டங்களாகத் தெரியும். கோடையில் அருவி இருக்காது, காட்சிக்காக மட்டும் போகலாம்.

அப்புறம், கார்த்திகை, மார்கழியில் வருகிறவர்கள் பாதையை விசாரித்துவிட்டு வாருங்கள். ஐயப்ப பக்தர்கள் கூட்டத்தால் லோயர் கேம்ப் மலைப்பாதையை ஒருவழியாக்கி, ஏறுகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவது வழக்கம். எட்டு மணிப் பயணத்துக்குப் பதிவு செய்துவிட்டு அந்தச் சுற்றில் மாட்டினால் படகு காத்திருக்காது. அந்த மாதங்களில் குமுளியிலேயே ராத்தங்குவதுதான் நல்லது. அழுத்தமான பச்சை, பழுப்பு நிறத்தில் துணி உடுத்துங்கள். பிளாஸ்டிக் பாட்டிலை சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், ஸ்டீல் பாட்டில் கொண்டு வாருங்கள். செண்ட் பூச வேண்டாம், மல்லிகைப்பூகூட அன்றைக்கு வேண்டாம்.