பழைய ஃப்ரிட்ஜுக்கு ஒரு மூக்கணாங்கயிறு: எஸ்டிசி-1000

மே மாதம் வேலூரில் இஞ்சி பீர், அதாவது ஈஸ்ட் போட்டுக் கேஸ் ஏற்றும் இஞ்சி சோடா, போடுகிறவர்களுக்குத் தலைவலி ஒன்றுதான். பாட்டிலை வெளியே வைத்தால் ஈஸ்ட் தலைகால் புரியாமல் ஆடி, பாட்டிலையே வெடிக்க வைத்துவிடும். ஃப்ரிட்ஜில் வைத்தால் நாலு டிகிரியில் சுருண்டு படுத்துக்கொள்ளும், கேஸ் ஏறாது. நமக்கு வேண்டியது 20 டிகிரி. ஃப்ரிட்ஜுக்குள் இருக்கிற திருகு அதுவரை ஏறாது.

அதற்குத்தான் எஸ்டிசி-1000 என்கிற இந்த வெப்பநிலை கன்ட்ரோலர். ஃப்ரிட்ஜுக்குப் போகிற கரண்டை இது பிடித்துக்கொள்ளும். சென்சார் சொல்கிறபடி விடும், நிறுத்தும். அதற்கு உள்ளே ரிலே என்கிற தானியங்கி சுவிட்ச் இரண்டு: குளிருக்கு ஒரு ரிலே, சூட்டுக்கு ஒரு ரிலே. சூட்டு ரிலேக்கு நம்ம ஊரில் என்ன வேலை? இங்கிலாந்தில், குளிரான பிரிஸ்டலில் இருக்கும் என் மச்சானுக்கு அதுதான் உயிர். வீட்டில் காய்ச்சிய ‘ஏல்’ என்கிற பீரை பாட்டிலில் அடைத்து, இரண்டு வாரம் 20 டிகிரியில் வைத்துக் கேஸ் ஏற்றுவார். அப்புறம் 12 டிகிரிக்கு இறக்கிச் சேமிப்பார். அங்கே 1963 முதல் சொந்த உபயோகத்துக்கு லைசென்ஸ் தேவையில்லை. இங்கே மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது, ஆசைப்படாதீர்கள்.

சென்சாரை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சும்மா தொங்கவிட்டால் கதவைத் திறக்கும்போதெல்லாம் சூடான காற்று பட்டு கம்ப்ரஸர் ஓட ஆரம்பிக்கும். நான் பாட்டிலின் வயிற்றில் ஒட்டி, மேலே ஒரு துண்டு தெர்மாகோல் வைத்து டேப் சுற்றிவிடுகிறேன். அப்போது அது காற்றை அல்ல, பானத்தை அளக்கும். கூடவே ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலிலும் கொஞ்சம் அடைத்து வைப்பேன். அமுக்கிப் பார்த்துக் கல் மாதிரி இருந்தால் கேஸ் போதும். உடனே எல்லாவற்றையும் நாலு டிகிரிக்கு இறக்கிவிட வேண்டும்.

கன்ட்ரோலரின் செட்டிங் மெனுவில் எஃப்2 என்பது வித்தியாசம், அதாவது நாம் வைத்த டிகிரியிலிருந்து எவ்வளவு விலகினால் ரிலே வேலை செய்ய வேண்டும் என்பது; 1 டிகிரி வையுங்கள். எஃப்3 கம்ப்ரஸர் தாமதம், அதாவது கம்ப்ரஸர் மறுபடி கிளம்பும் முன் காத்திருக்கும் நேரம். வரும்போது 3 நிமிடம் இருக்கும், நான் 10 ஆக்கிவிட்டேன். காட்பாடிப் பக்கம் கரண்ட் போய்ப் போய் வந்தாலும் கம்ப்ரஸர் உடனே உதறிக்கொண்டு கிளம்பாது.

குறை என்றால், பெட்டியோ பிளக்கோ இல்லாமல் மொட்டையாக வருகிறது. சுவிட்ச் பாக்ஸில் அடைத்து வயரிங் செய்ய எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிட வேண்டும். எஃப் மெனுவும் முதலில் கண்ணைக் கட்டும். ஃப்ரிட்ஜ் பழைய சிங்கிள் டோராக இருக்கட்டும். எலக்ட்ரானிக் போர்டு வைத்த ஃப்ராஸ்ட் ஃப்ரீ வாங்காதீர்கள், இப்படி அடிக்கடி கரண்டை வெட்டுவது அதற்கு ஒத்துவராது.